கழுதைக்குக் கேட்ட அனுமதி

இடம்: பொலிஸ் நிலையம், முறைப்பாட்டுப் பிரிவு, மன்னார். திகதி: 2025 ஒக்ரோபர் 14. நேரம்: முற்பகல் 11.35.
பெயர்: ரொபின்சன் ஜெனிஸ்ரா. வயது: 24. சமயம்: றோமன் கத்தோலிக்கம். விலாசம்: ஏழாம் வட்டாரம், பேசாலை. தொழில்: கொமினிகேசன் கடையில் தட்டச்சு. எழுதிக்கொள்பவர்: பெண் பொலிஸ் கான்ஸ்டபிள் சுபத்திரா.

நான் மேற்கூறிய விலாசத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஒரு கொமினிகேசன் கடையில் போட்டோக்கொப்பி எடுப்பதும் ஆட்களுக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்து கொடுப்பதும் என் வேலை. வேலை முடிந்த பின்னர், கணினியில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்கு மோட் செய்து வருகிறேன். மோட் என்றால் என்ன என்று என்னிடம் கேட்கப்பட்டது. விளையாட்டைத் தயாரித்தவர்கள் தராத பாதைகளையும் பஸ்களையும் சத்தங்களையும் விளையாடுகிறவர்களே செய்து அதனுள் சேர்ப்பதைத்தான் மோட் என்கிறோம். இதற்குச் சம்பளம் இல்லை. எங்களுக்குக் கிடைப்பது பெயர் ஒன்றுதான். அதனால் யார் எதைச் செய்தார் என்று பெயர் எழுதி வைப்பதும், இன்னொருவர் செய்ததை எடுக்க முன்னர் அவரிடம் கேட்பதும் எங்களுக்குள் கண்டிப்பான வழக்கம். இதைச் சொல்லும்போது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டதால், இருந்துகொண்டு மெதுவாகச் சொல்லும்படி கேட்கப்பட்டது. இருந்தேன்.

நான் செய்தது மன்னாரில் இருந்து வவுனியாவுக்குப் போகும் தனியார் பஸ் பாதை. கடந்த வருடம் செப்ரெம்பரில் தொடங்கி எட்டு மாதம் செய்தேன். பஸ் நிலையம், மீன் சந்தை, நீளப் பாலம், பாலத்தின் இரு பக்கமும் கடல், நடுவீதியில் படுத்திருக்கும் கழுதைகள் எல்லாம் அதில் உண்டு. எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும் கழுதை எழும்பாது, அது எழும்பும் வரை ஓட்டுபவர் காத்திருக்க வேண்டும். அந்தக் கழுதைகளை நான் செய்யவில்லை. போலந்து நாட்டில் உள்ள ஒரு பெண் வேறொரு தேவைக்குச் செய்து வைத்திருந்தவர். அவருக்குக் கடிதம் எழுதி, பத்தொன்பது நாள் பொறுத்திருந்து, அவர் சம்மதம் சொன்ன பின்னர்தான் சேர்த்தேன். பனைகளுக்கு பிறேசில்காரர் ஒருவரிடம் கேட்டேன். இருவருடைய பெயர்களும் மோட்டுடன் வரும் பெயர்க் கோப்பில் இருக்கின்றன.

அதன் பின்னர், 2025 பெப்ரவரி 11ஆம் திகதி வவுனியா போகும் பஸ்ஸில் முன் சீற்றில் இருந்து, நடத்துனரின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். அந்தக் குரல் இந்தப் பாதையில் போய் வரும் எல்லோருக்கும் தெரிந்தது. பாலம் முடிகிற நேரத்தில் அவர், “தள்ளாடி, தள்ளாடி, மெல்ல மெல்ல முன்னுக்கு வாங்கோ” என்று இழுத்துச் சொல்வார். தள்ளாடி என்பது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர், அங்கே பஸ் நிற்கும். மன்னாரில் பிறந்தவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் இந்தக் காகிதத்தை வேறு ஊர்க்காரரும் வாசிக்கக் கூடும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

மே மாதம் மோட்டை ஒரு தளத்தில் வெளியிட்டேன். ஐந்து மாதத்தில் பதினெட்டாயிரம் பேர் அதை எடுத்து ஓட்டினார்கள். துருக்கிக்காரர் ஒருவர், அந்தக் குரலைக் கேட்பதற்காகவே பாலத்தில் திரும்பத் திரும்பப் போய் வருவதாக எழுதினார். அதை வாசித்த அன்று எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடைக்கு வந்தவர் ஒருவருக்கு ஒரு பிரதிக்குப் பதிலாகப் பன்னிரண்டு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அதன் பின்னர் செப்ரெம்பர் மாதம், அதே தளத்தில் ரோட் கிங் என்ற பெயரில் இருக்கும் ஒருவர், என் மோட்டை அப்படியே எடுத்து, பஸ்ஸின் நிறத்தை மட்டும் பச்சையாக்கி, பெயர்க் கோப்பை அழித்துவிட்டுத் தன்னுடையது என்று போட்டார். அவருடைய உண்மைப் பெயரோ ஊரோ எனக்குத் தெரியாது. நான் தளத்துக்கு முறையிட்டேன். உடனே அவரும், நான்தான் திருடி என்று முறையிட்டார். நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தளத்தில் இருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. இரண்டு மோட்டையும் மறைத்து வைத்திருப்பதாகவும், குரலுக்கு உரியவரின் அனுமதிக் கடிதத்தை ரோட் கிங் கொடுத்துவிட்டதாகவும், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நான் அப்படி ஒன்றைக் கொடுக்காவிட்டால் எல்லாம் அவருடையது என்று முடிவாகும் என்றும் அதில் இருந்தது. கடிதத்தின் பிரதியும் இணைக்கப்பட்டிருந்தது. அதைப் பொலிசாரிடம் ஒப்படைத்திருக்கிறேன். அதில் இப்படி எழுதப்பட்டுள்ளது: “மன்னார் பஸ் நடத்துனர் கந்தவனம் ஆகிய நான், மதுபோதையில் தள்ளாடித் தள்ளாடி ஏறும் பயணிகளை மெல்ல மெல்ல முன்னுக்கு வரும்படி எச்சரிக்கும் எனது குரலைப் பயன்படுத்த ரோட் கிங் அவர்களுக்கு முழு அனுமதி அளிக்கிறேன்.” வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிய முன்னரே ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை முழுதும் அந்த பஸ் வருமா என்று பார்த்துக் கடை வாசலில் நின்றேன். அன்று அது திருத்த வேலைக்குப் போயிருந்தது. இன்று காலை 8.45க்கு, பொய்க் கடிதம் பற்றி முறைப்பாடு கொடுக்க இங்கே வந்தேன். சார்ஜன் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “குரல்காரர் எங்க?” என்றார். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி ஓடினேன்.

நேரே பஸ் நிலையத்துக்குப் போகவில்லை. முதலில் கடைக்குப் போனேன். அங்கே என் கையாலேயே ஒரு அனுமதிக் கடிதம் தட்டச்சு செய்தேன். அதில் பெப்ரவரி 11 என்று திகதி போட்டேன். தெரிந்துதான் போட்டேன். குரலைப் பதிவு செய்த அன்றே அனுமதி வாங்கியது போல இருக்கட்டும் என்று நினைத்தேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல எல்லோரும் அவரை நானா என்பார்கள், நானும் மூன்று வருடமாக நானா என்றுதான் கூப்பிடுகிறேன். அதனால் பெயருக்குப் புள்ளிக்கோடு விட்டேன்.

10.05க்கு பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். பஸ் படியில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க விசயத்தைச் சொல்லி, கைப்பேசியில் மோட்டின் படத்தை ஓட்டிக் காட்டினேன். பஸ் பாலத்தைத் தாண்டியது, அவருடைய குரல் கேட்டது. அவர் ரீயைக் கீழே வைத்துவிட்டு, கைப்பேசியைக் காதோடு வைத்து மூன்று தரம் கேட்டார். சாரதியைக் கூப்பிட்டு, “இஞ்ச வாங்கோ, இதுக்குள்ள நான் நிக்கிறன்” என்றார். அவருடைய முகத்தைப் பார்த்து எனக்கும் தலைகால் தெரியாத சந்தோசம். அதே சந்தோசத்தில் கடிதத்தையும் பேனையையும் நீட்டினேன். அவர் கடிதத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். கையொப்பம் வைக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “பொலிசுக்குப் போவம். பதினொண்டு பத்துக்கு பஸ் எடுக்கோணும்” என்றார். ஓட்டோவில் வந்தோம்.

இங்கே வந்த பின்னர், கான்ஸ்டபிள் சுபத்திரா ரோட் கிங்கின் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினார். அவர், “ஆர் இந்தக் கந்தவனம்?” என்று கேட்டார். அதன் பின்னர், “இருவத்தாறு வருசமா இந்த றூட்டில ஓடுறன். வெறியில வாறவனை நான் ஏத்திறனானோ? தள்ளாடி எண்டால் ஊர். ஊரை ஊர்ப்பேர் சொல்லித்தானே கூப்பிடோணும்” என்றார். சார்ஜன் சத்தமாகச் சிரித்தார். கான்ஸ்டபிள் சுபத்திரா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பியதை எழுத வேண்டாம் என்று இப்போது சொன்னார், பிறகு நடந்தது நடந்ததுதான் என்று அவரே எழுதிக்கொண்டார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக் கை தட்டினேன்.

அப்போது சார்ஜன் என் கைப்பேசியில் பெயர்க் கோப்பைத் திறந்து சத்தமாக வாசித்தார். கழுதைகள், இன்னாருடையது, அவருடைய அனுமதியுடன். பனைகள், இன்னாருடையது, அவருடைய அனுமதியுடன். குரல், மன்னார் வவுனியா பஸ். அவ்வளவுதான் இருந்தது.

நானா என்னைப் பார்த்து, “கழுதைக்கு ஆரிட்டக் கேட்டனீங்கள், தங்கச்சி?” என்றார். போலந்தில் ஒரு பெண்ணிடம் என்றேன். “பதில் வர எத்தினை நாள் நிண்டனீங்கள்?” என்றார். பத்தொன்பது நாள் என்றேன். “உங்கட கடை வாசலில நிண்டு கூப்பிட்டால் எனக்குக் கேக்கும்” என்றார்.

அதன் பின்னர் அவர் சட்டைப் பையில் இருந்து என் கடிதத்தை எடுத்து, ரோட் கிங்கின் கடிதத்துக்குப் பக்கத்தில் மேசையில் விரித்து வைத்தார். பெப்ரவரி 11 என்ற இடத்தில் விரலை வைத்தார். “அவன் ஒரு கந்தவனத்தை உண்டாக்கினான். நீங்கள் புள்ளிக்கோடு போட்டிருக்கிறீங்கள். ரெண்டு பேரும் எனக்குப் பதிலா எழுதிப்போட்டீங்கள். எனக்கு எழுதத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ?” என்றார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சுவரில் மணி 10.45. அவர் எழும்பிப் போய்விட்டால் மூன்று மணிக்கு என் எட்டு மாதமும் ரோட் கிங்குக்குப் போய்விடும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. பெயர் போடாதவனைத் திருடன் என்று திட்டிக்கொண்டு ஊரெல்லாம் ஓடியது நான், மூன்று வருடமாக முன் சீற்றில் இருந்துகொண்டு ஒரு மனிதரின் பெயரைக் கேட்காததும் நான். நான் எழும்பி நின்று, “நானா, உங்களைக் கேக்காமல் எடுத்துப்போட்டன். திகதியும் பொய். இப்ப கேக்கிறன், உங்கட குரலைத் தருவீங்களோ? இல்லையெண்டாலும் சரி, அழிச்சுவிடுறன்” என்றேன்.

அவர், “பேப்பர் தாங்கோ” என்றார். தன் கையால் எழுதினார். அவர் எழுதியது: “எனது பெயர் முகம்மது வஸீர். இது எனது குரல். இந்தப் பிள்ளை கேட்காமல் எடுத்தது. இன்று கேட்டது. இன்றிலிருந்து தருகிறேன். தள்ளாடி ஓர் ஊர்.” கீழே இன்றைய திகதியை எழுதி, அதற்கு அடியில் கோடும் இழுத்தார். பிறகு என்னிடம், “நீங்கள் பதிஞ்ச அண்டைக்கு எனக்குத் தடிமன், குரல் அடைச்சுப்போய்க் கிடக்கு. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வாங்கோ, வடிவாச் சொல்லித்தாறன்” என்று சொல்லிவிட்டு, 11.00 மணிக்கு ஓட்டோவில் பஸ்ஸுக்குப் போனார்.

அந்தக் கடிதத்தை அனுப்பினால், நானும் கேட்காமல் எடுத்தவள் என்பது தளத்துக்குத் தெரியவரும் என்று சார்ஜன் சொன்னார். தெரியும் என்றேன். படம் எடுத்து, மொழிபெயர்த்து, 11.25க்கு அனுப்பினேன். நான் தட்டச்சு செய்த கடிதத்தைப் பொலிசார் வைத்துக்கொண்டார்கள். அது என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இடத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது, 12.20க்கு, என் கைப்பேசிக்கு மின்னஞ்சல் வந்தது. வாசிக்க அனுமதி கேட்டேன், தரப்பட்டது. பொய்க் கடிதம் கொடுத்ததற்காக ரோட் கிங்கின் கணக்கு மூடப்பட்டது. என்னுடைய பழைய பக்கமும் மூடப்பட்டது, ஏனென்றால் நேற்று வரை அதற்கு அனுமதி இருக்கவில்லை. இன்றைய திகதியில் புதிதாகப் போடலாம். பதினெட்டாயிரம் பேரின் கணக்கும், துருக்கிக்காரர் எழுதியதும் திரும்பி வராது. நான் கத்திய சத்தத்துக்குச் சார்ஜன் பக்கத்து அறையில் இருந்து ஓடிவந்து, என்ன நடந்தது என்று கேட்டார். சந்தோசத்தில் கத்தினேன் என்றேன். பூச்சியத்தில் இருந்து தொடங்குகிறேன், பெயர்க் கோப்பின் முதல் வரியில் முகம்மது வஸீர் என்று இருக்கும், கழுதைகள் இரண்டாவதாக வரும்.

பொய்க் கடிதம் எழுதியவரைக் கண்டுபிடித்து விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்வது இவ்வளவுதான். எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எனக்கு நல்லதாக உள்ளதும் கெட்டதாக உள்ளதும் நான் சொன்னபடியே, உண்மையாக இருக்கின்றன. இதில் வஸீர் நானாவின் பேச்சுப் பல இடங்களில் வருவதால், ஒப்பம் வைக்க முன்னர் அவரிடம் கேட்க வேண்டும் என்றேன். அப்படியொரு நடைமுறை பொலிசில் இல்லை என்று கான்ஸ்டபிள் சுபத்திரா சொன்னார். நானே தொலைபேசி எடுத்தேன். பஸ் செட்டிகுளத்தில் நின்றது. அவர் பேசிய இடங்கள் ஒவ்வொன்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “ஓம், அப்பிடித்தான் சொன்னனான். இருக்கட்டும்” என்றார். அதன் பின்னர் ஒப்பமிட்டேன்.

ஒப்பம்: ரொ. ஜெனிஸ்ரா