பெரியம்மாவுக்காக நான் சொன்ன பதில்

பெரியம்மாவுக்கு வலது காதருகே வாயை வைத்துச் சொன்னால்தான் கேட்கும். சத்தம் போட வேண்டியதில்லை. பழகிய குரலாக இருந்தால் போதும். எனக்கு வெளியாட்களோடு பேச வராது. அந்தக் காதுக்குள் மட்டும் நன்றாகப் பேசுவேன். பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்துக்குப் போக மறுத்தபோது, "சரி, புஸ்பம் பெரியம்மாக்குத் துணையா இரி" என்று அம்மா என்னைப் பெரியம்மாவின் ஊரான பெரியகல்லாற்றுக்கு அனுப்பிவிட்டார்.

பெரியம்மாவின் கருப்பையில் நெடுநாளாக ஒரு கட்டி இருந்தது. பயமில்லாத கட்டி, மாதவிடாய் நின்றதும் சுருங்கிவிடும் என்று டொக்டர்மார் சொல்லியிருந்தார்கள். அறுபத்துமூன்று வயதில் அவருக்கு மறுபடி இரத்தம் பட்டது.

"டொக்டரிட்டச் சொல்லுவம் புள்ள. எனக்கு வெக்கமாக் கிடக்கு, நீயே சொல்லு," என்றார்.

ஊர் ஆசுபத்திரியில் டொக்டர் நுஸ்ரா ஸ்கேனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சுருங்க வேண்டிய கட்டி வளர்ந்திருக்கு தங்கச்சி. இந்த வயசில அது சரியில்ல. அபூர்வமாத்தான் வரும், எண்டாலும் புற்றுநோயாவும் இருக்கலாம். இரத்தம் படுதா? பட்டா இண்டைக்கே பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பணும்."

பெரிய ஆசுபத்திரி என்றால் பெரியம்மாவின் மகள் தக்ஷாயினி கொழும்பிலிருந்து வந்து அவரைத் தன்னோடு கூட்டிப் போய்விடுவார். நான் அம்மாவிடம் திரும்ப வேண்டும். மறுபடி பள்ளிக்கூடம். எழுந்து வாசி என்றால் என் வாய் திறக்காது, வகுப்பே சிரிக்கும்.

"இல்ல டொக்டர்," என்றேன். குரல் நடுங்கவில்லை.

"அப்ப மூணு மாசத்தில கட்டாயம் கூட்டி வாங்க. ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே வரணும்."

பெரியம்மாவின் காதில், "சில பேருக்கு வயசு போனாலும் திரும்பி வருமாம். ஒண்டும் பயமில்லையாம்," என்றேன்.

அவர் நம்பினார். வைகாசியில் கண்ணகையம்மன் கோயில் கதவு திறந்தபோது, தனக்கு மாதத் துடக்கு என்று கோயில் வாசலுக்கும் போகவில்லை. குளிர்த்திச் சடங்குக்குப் புறப்பட்ட அயல் பெண்களை மறித்து, பூப்பு நீராட்டுக்கு அழைப்பதுபோல், "கிழவி திரும்பக் குமராகிட்டன் கா, தண்ணி வாக்க வாங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவருடைய துணிகளைக் கிணற்றடியில் நான்தான் கழுவினேன். இரத்தம் கூடிக்கொண்டு போனது எனக்குத் தெரியும். மூன்று மாதம் கழிந்தபோது, டொக்டர் இடம் மாறிப் போய்விட்டார் என்றேன். வயிறு நோகிறது என்றபோது கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். அவரை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

மாரியில் அவர் மயங்கி விழ, அயல்வீட்டார் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நோய் நுரையீரல்வரை போய்விட்டது, முதல் இரத்தத்திலேயே வந்திருந்தால் கருப்பையை எடுத்துக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று அங்கிருந்த டொக்டர் என்னிடம் சொன்னார்.

பெரியம்மா கட்டிலில் கிடந்தபடி என் பக்கம் சாய்ந்தார்.

"என்னவாம் புள்ள?"

"கெதியா வீட்ட போகலாமாம்."

அவர் என் கன்னத்தைத் தடவினார். அவரைப் பயப்படுத்தக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். டொக்டர் நுஸ்ராவிடம் இல்லை என்று சொன்னதும் அதற்காகத்தான் இருக்க வேண்டும்.