நான் வரவழைத்த கோடு

எங்கள் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியின் கதவு ஒழுங்காக மூடாது. முழங்காலால் ஓர் இடி இடிக்க வேண்டும். வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

ஆன்டிபாடி என்கிற சோதனைத் திரவம் அதற்குள்தான் இருந்தது. விசாரிக்க வந்த உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன், ஐயா. தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். அதைத் திறந்துவிடுகிற புரதத்தைக் கால்சியம் ஏற்பி என்போம். நோயாளியின் தொடையிலிருந்து துளித் தசை எடுத்து, அரைத்துக் கரைத்துச் சோதிப்போம். ஆன்டிபாடி அந்த ஏற்பியை மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் படத்தில் கறுப்புக் கோடு விழும். ஏற்பி பழுதாகிக் குறைந்துபோயிருந்தால் வெள்ளை. அப்படிப்பட்டவருக்கு வழக்கமான மயக்க வாயு கொடுத்தால் உடம்பு விறைத்து, அனலாய்க் கொதித்து, உயிரே போகலாம்.

கேட்கச் சுலபம். எனக்குக் கோடே விழாது. புதுப் புட்டி வரும், விழாது. வேறு கம்பெனியில் வாங்குவோம், விழக்கூடாத இடத்தில் விழும். சனியன் பிடித்த ஆன்டிபாடி என் உயிரை வாங்கியது. கூட வேலை பார்ப்பவர்கள் எனக்கு 'வெள்ளைத்தாள்' என்று பெயர் வைத்தார்கள். சாப்பாடு போடும்போது மனைவி, "இன்னைக்காவது விழுந்துச்சா?" என்பாள், குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்கிற மாதிரி. அவள் மனசில் ஒன்றுமில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நீங்கள் கேட்கிற அந்தப் பெண்குழந்தைக்கு முதுகு வளைந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் தசையைப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். ஒப்பிடுவதற்காக, நலமாக உள்ள ஒருவரின் தசையையும் பக்கத்திலேயே வைத்துச் சோதிப்பது வழக்கம். இரண்டுமே வெள்ளை.

தலைமை டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உன் கை பட்டாலே எல்லாம் வெளுத்துப்போயிடுமாப்பா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

புதுப் புட்டி உடைத்துத் திரும்பச் செய்தேன். இந்தத் தடவை நல்ல தசையில் கோடு பளிச்சென்று விழுந்தது. குழந்தையின் இடம் மட்டும் வெள்ளை. அந்த நேரம் அறையில் வேறு யாருமில்லை.

நீங்களே யோசியுங்கள். அதை எடுத்துக்கொண்டு போனால் என்ன சொல்வார்கள்? வெள்ளைத்தாள் வந்துட்டான்டா என்பார்கள். மறுபடி அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. நல்ல தசையின் கரைசலில் கொஞ்சம் எடுத்துக் குழந்தையின் தசைக் கரைசல் இருந்த குழாயில் விட்டேன். மூன்றாவது முறை கோடு விழுந்தது.

"பாத்தியா, மனசு வெச்சா வருதுல்ல" என்று டாக்டரம்மா முதுகில் தட்டினார். குழந்தையின் அப்பா நடைபாதையில் நின்றிருந்தார்.

"பயமில்லையே, சார்?"

"கோடு நல்லா விழுந்திருக்கு. தைரியமா இருங்க."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வழக்கமான வாயுவையே கொடுத்திருக்கிறார்கள். குழந்தை அறுவை மேசையிலேயே போய்விட்டது.

தெரிந்தே செய்தாயா என்கிறீர்கள். தெரியும். இரண்டாவது படத்தைப் பார்த்தபோதே தெரியும். அதைக் கிழித்துப் போட்டதும் நான்தான்.

மூன்றாவது படம் உங்களிடம்தான் இருக்கிறதாமே. ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், ஐயா. விரல் பட்டால் கோடு கெட்டுவிடும்.