கைனாத்தின் போர்வை

மதியம் இரண்டரை மணி. சிரிக்காதே ஆஸ்டின், பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னான்? கூடுவாஞ்சேரி தாண்டி, ஏரிக்கரையை ஒட்டி ஒரு சாலை. ஆள் அரவமே இல்லை. ஒரே ஒரு வேன். அதற்குள் தாம்பரத்துத் தையல் வகுப்புப் பெண்கள் பதினொரு பேர். அங்கே ஒரு பழைய ஊரையும், அதில் இருக்கும், துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுப் போர்வைகளையும் பார்க்க ஒருநாள் சுற்றுலா...

அதில் என் தோழி ஹஃபீசாவின் அண்ணி சாஹிராவும் இருந்தாள். மகள் கைனாத் டெங்குவில் போய் எட்டு மாதம். சாஹிரா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மரத்துப் போயிருந்தாள். சோறு போட்டால் தின்பாள். மகளின் சுடிதார்களை வெட்டி ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அதையும் பையில் எடுத்து வந்திருந்தாள்.

அந்த ஊரில் காலரா வந்த வருஷம் ஒரு தெருவே காலியானதாம். செத்தவர்கள் துணியில் தைத்த போர்வைகள் ஒரு பழைய வீட்டில் தொங்கின. அந்துருண்டை வாசனை... அதற்கடியில் ஈரத் தலைமுடி வாசனை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கிளியம்மாள் சாஹிராவின் போர்வையைத் தடவிப் பார்த்தாள்.

"முச்சூடும் நீயே தைக்காதம்மா. ஊசிய அதுலயே வுட்டுடு. மீதிய அவுங்களே வந்து தைச்சிக்குவாங்க. முடிஞ்சிச்சின்னா போய்டுவாங்க."

திரும்பும்போது வேனில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சாஹிரா சிரிக்கவில்லை. அன்று ராத்திரி வீட்டில் நூல் கோத்த ஊசியைப் போர்வையில் குத்திவிட்டு, அதையே போர்த்திக்கொண்டு படுத்தாள்.

காலையில் போர்வையில் ஒரு துணிக் கட்டம் கூடுதலாக இருந்தது. தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்த வீட்டில் இடக்கைக்காரி கைனாத் ஒருத்திதான்.

சாஹிரா என்ன செய்தாள் தெரியுமா? உட்கார்ந்து அந்தக் கட்டத்தைப் பிரித்தாள். முடித்தால் மகள் போய்விடுவாளே! மறுநாள் இரண்டு கட்டம். பிரித்தாள். இப்படியே நாற்பது நாள். டப்... டப்... என்று நூல் அறும் சத்தத்தில்தான் அவள் புருஷன் உஸ்மான் தினமும் கண் விழிப்பார்.

"பைத்தியம் புடிச்சிருக்கா? வுட்டுடு சாஹிரா, புள்ள போவட்டும்."

"அவ போனா எனக்கு இன்னா கீதுங்க?"

நாற்பத்தோராம் நாள் அந்தச் சத்தம் இல்லை. உஸ்மான் எட்டு மணிக்குத்தான் எழுந்தார். சாஹிரா போர்வைக்குள்ளேயே கிடந்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. போர்வையை இழுத்தார்... வரவில்லை. அவள் நைட்டியோடு சேர்த்துத் தைத்திருந்தது. காலிலிருந்து மேலே, நெருக்கமாக, எதிர்ப்பக்கம் சாய்ந்த தையல்.

உஸ்மான் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதீங்க. புள்ள இன்னும் முடிக்கல."

அவர் குனிந்து பார்த்தார். கழுத்தோரம் கடைசி நாலு தையல் மட்டும் நைட்டியில் இல்லை... தோலில் இருந்தது.