புங்கமரத்துக்கு ஒரு காக்கி பேண்ட்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். இருவருக்குமே ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

“அப்பாவோட காக்கி பேண்ட்ட மரத்துக்குப் போட்டு உட்டுட்டேன்” என்றார் அண்ணன்.

“எந்த மரத்துக்கு?”

“வாசல்ல அவரு வச்ச புங்கமரந்தான். அடியில பட்டை உரிஞ்சிக்கினே வந்துது. கரையான்னு நெனச்சி மருந்து அடிச்சேன். அப்புறம் கிட்ட உக்காந்து பாத்தா, கணுக்கால் உயரத்துல ஒரே மட்டமா வெட்டு. கரையான் அப்படியா அரிக்கும்? புல்லு வெட்ற மெஷினு பட்ட காயம்.”

“எவன் வெட்னது?”

“நான்தான். வாராவாரம்.”

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினார்.

“அப்பா இருந்த வரைக்கும் அந்த மரத்தடியில மட்டும் கையாலதான் புல்லு புடுங்குவாரு. பஸ்ஸு ஓட்னவருக்கு ரிட்டையர் ஆனதும் வேற வேலையில்லன்னு நாம சிரிப்போமே.”

“இப்ப நான் உக்காந்துக்கினு புடுங்குறேன்.”

“மரம் பொழைக்குமாண்ணா?”

“பட்டை சுத்தி முழுசா போயிருந்தா செத்திருக்கும். ஒரு பக்கம் ஒட்டிக்கினு இருக்குது. மேல துளிர் உட்டிருக்குது. இனிமே எதுவும் படக்கூடாதுன்னுதான் பேண்ட்டோட ஒரு கால வெட்டி, லூசா சுத்தி உட்டேன்.”

கண்டக்டர் எங்களைக் கடந்து போனார். தங்கை அவருடைய பேண்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீளம் சரியா இருந்துதா?”

“அவருக்கே எப்ப சரியா இருந்துது? அடியில ரெண்டு மடிப்பு மடிச்சி உட்டேன்.”