ஒரு மணி நேரப் பிழையைத் தம்முடையதென்று சொன்ன ஸி மிலூத் அவர்களுக்கு

மெக்னெஸ் நகர் ஐன் ஸெய்த்தூன் ஒலிவ விவசாயிகள் கூட்டுறவு ஒன்றியத்தின் கணினி அறையை இருபத்தாறு ஆண்டுகள் கண்ணை இமை காப்பதுபோல் காத்த காவலரே! கம்பிகளின் கோபமும் கருவிகளின் களைப்பும் அறிந்த கைவல்லவரே! பெருமை பேசாப் பெருந்தகையே! ஸி மிலூத் பெர்ராதா அவர்களே! உங்கள்மீது அமைதி நிலவுக!

விடைபெறும் எவரையும் நேர்மையின் சிகரம் என்றும் உழைப்பின் அட்லஸ் மலை என்றும் எழுதிவிடலாம், காகிதம் மறுக்காது. போன ஆண்டு விடைபெற்றவருக்கும் அப்படித்தான் எழுதினோம். அவர் பாதி நாள் காப்பிக்கடையில் இருந்தவர். உங்களுக்கு அந்தச் சொற்களைக் கொடுக்க எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. ஆகவே, சென்ற நோன்பு மாதத்தின் ஒரு புதன்கிழமையை மட்டும் இங்கே எழுதி வைக்கிறோம்.

கெனிஃப்ரா மலைக் கிராமத்திலிருந்து வந்தவள், தன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவள் இத்தோ. தற்காலிகப் பணியில் ஐந்து மாதம் முடித்திருந்தாள். அவளுக்கென்று வந்த புத்தம்புதுக் கணினி, அலுவலகக் கணினிகளையெல்லாம் இணைக்கும் டொமைனில் சேர மறுத்தது. சேர்ந்தால்தான் உறுப்பினர் பதிவேடு திறக்கும். திறந்தால்தான் அவளுக்கு வேலை. சேர்க்கும்போதெல்லாம் திரையில் ஒரே வரி வந்தது: இந்தக் கணினியின் நேரமும் சர்வரின் நேரமும் ஒத்துப்போகவில்லை.

இரண்டையும் எட்டிப் பார்த்தோம். இதில் பத்து மணி இருபது நிமிடம். அதிலும் பத்து மணி இருபது நிமிடம். சிரித்தோம். ஆம், நாங்கள்தான். யார் என்ன சொன்னோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறோம்.

"என்ன லல்லா இத்தோ, மலையில வெயிலப் பாத்துத்தானே மணி சொல்லுவீங்க? அதான் பெட்டி கோச்சுக்குது!"

"பட்டம் வாங்கினா போதுமா? கடவுச்சொல்லத் தப்புத்தப்பா அடிச்சு அதையே பைத்தியமாக்கிட்டா!"

அவள் தலை குனியவில்லை. "நேரம் சரியில்லன்னு நான் சொல்லல, அது சொல்லுது. உங்க கண்ணுக்குத் தெரியலன்னா அது பொய்யாயிடுமா?" என்று திருப்பிக் கேட்டாள். அந்த வாய்க்காகவே எங்களுக்கு அவளைப் பிடிக்காமல் போயிருந்தது.

இயக்குநர் ஸி ஷகீப் கெடு வைத்தார். புதன் மாலைக்குள் கணினி சேரவில்லையென்றால், அதைப் பாழாக்கியவள் என்று பணி அறிக்கையில் எழுதி அவளை ஊருக்கு அனுப்பிவிடுவார். ஊரில் அவளுக்குக் காத்திருந்தது என்னவென்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். "கல்யாணம். ஆள் யாருன்னுகூட எனக்குத் தெரியாது" என்றாள்.

அசராத ஆற்றலே! நாவறண்ட நோன்பில் மூன்று நாள் அந்தக் கணினியின் முன் அமர்ந்தீர்கள். கம்பியை மாற்றினீர்கள், அதன் வலை முகவரியைச் சரிபார்த்தீர்கள், அதன் பெயரை அழித்துப் புதுப்பெயர் இட்டீர்கள், கடவுச்சொல்லை நீங்களே அடித்துப் பார்த்தீர்கள். அசையவில்லை. புதன் மதியம், திரையின் அந்த ஒற்றை வரியை முதன்முறையாக நம்பினீர்கள். "இந்தப் பொண்ணு சொல்றதையே நம்பிப் பாப்போமே" என்று, இரண்டின் உள்ளேயும் ஓடும் உலகப் பொதுநேரத்தைத் தாளில் எழுதினீர்கள். ஒன்றில் ஒரு மணி, மற்றதில் இரண்டு!

நோன்பு மாதத்துக்கு முந்தைய ஞாயிறன்று நாடே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளும்போது, நீங்கள் முக்காலியில் ஏறி அலுவலகச் சுவர்க் கடிகாரங்களைத் திருப்புவீர்கள். இறங்கி வந்து, அதே கையோடு, சர்வரின் மணியையும் திருப்புவீர்கள். பதினோரு ஆண்டு வழக்கம். முகத்தில் தெரியும் மணி மாறியது. உலகப் பொதுநேரத்துக்கு எத்தனை மணி முன்னே ஓடுகிறது என்ற அமைப்பு மாறவில்லை. ஆகவே சர்வரின் உள்நேரம் ஒரு மணி பிந்தியது. பழைய கணினிகள் எல்லாம் அதைப் பார்த்து அப்படியே பிந்தின, யாருக்கும் தெரியவில்லை. நோன்பு மாதத்தில் வந்த முதல் புதுக் கணினி இதுதான். அது சரியான நேரத்தோடு வந்தது. அதனால்தான் உள்ளே விடப்படவில்லை.

ஐயா, அந்த அறையில் அப்போது நீங்களும் அவளும் மட்டுமே. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு, எப்படியோ சேர்ந்துவிட்டது என்று வெளியே வந்திருக்கலாம். ஓய்வுக்கு ஓராண்டுகூட இல்லை. கறையற்ற பதிவேடு உங்களுடையது.

நீங்கள் எங்கள் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தீர்கள்.

"மூணு நாளா இவளப் பாத்துச் சிரிச்சீங்கல்ல? இப்ப என்னப் பாத்துச் சிரிங்க. பதினோரு வருஷமா தப்பான மணியில இந்த ஆபீச ஓட்டினவன் நான். இவ பெட்டிதான் இங்க ஒழுங்கா இருந்த ஒரே பெட்டி."

யாரும் சிரிக்கவில்லை. ஸி ஷகீப் மெல்ல, "விடுங்க ஸி மிலூத், சின்ன விஷயம்" என்றார்.

"அவ செஞ்சதா இருந்தப்போ பெரிய விஷயமா இருந்துச்சே?"

இன்றும் அந்தக் கேள்வியை நினைத்தால் எங்களுக்கு மயிர்க்கூச்செறிகிறது. அவர் மேசையிலிருந்த அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கி, 'பாழாக்கியவர்' என்ற இடத்தில் அவள் பெயரை அடித்து, உங்கள் பெயரை எழுதி ஒப்பமிட்டீர்கள். பிறகுதான் போய்ச் சர்வரைச் சரிசெய்தீர்கள். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குக் கணினி சேர்ந்தது. திரையில் வந்த வரவேற்பு வரியை இத்தோ உரக்க வாசித்தாள்.

உயர்ந்தவரே! பிழையே செய்யாதவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர்களைக் கண்டு நாங்கள் வியந்ததில்லை. யாரும் தேடாத தம் பிழையைத் தாமே கண்டெடுத்துக் கூடத்தின் நடுவே வைத்தவரைக் கண்டோம். வியப்பு இன்னும் தீரவில்லை.

ஓய்வுபெறுபவருக்குச் சுவர்க் கடிகாரம் தருவது நம் வழக்கம். இம்முறை தரவில்லை, கடிகாரங்களோடு நீங்கள் பட்டது போதும். நாளை மறுநாள், இந்த ஆண்டு நோன்புக்கு முந்தைய ஞாயிறு. சர்வரில் யாரும் கைவைக்க வேண்டியதில்லை. அதற்கான அமைப்பை விட்டுச் செல்கிறீர்கள். சுவர்க் கடிகாரங்களுக்கு மட்டும் ஆள் வேண்டும். முக்காலியை இத்தோ கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் இப்போது நிரந்தரப் பணியாளர்.

நோயின்றி, குறையின்றி, துணைவியார் ஸுபைதா அம்மையாரோடும் பேரப்பிள்ளைகளோடும் நெடுங்காலம் வாழ்க! எவர் கெடுவும் அழுத்தாத காலைகள் உங்களுக்கு வாய்க்க இறைவன் அருள்க!

இங்ஙனம்,
அன்று சிரித்த பதினொருவரும்,
அன்று தலை குனியாத ஒருத்தியும்.