வெல்டன்பர்க் படகில் மணப்பொண்ணு

உக்காருங்கக்கா, உக்காருங்க. இந்த மழையில மேல்தளத்துல நின்னு என்னத்தப் பாக்கப் போறீங்க? பாறையெல்லாம் மேகத்துக்குள்ள போயாச்சு. ஒலிபெருக்கியில சொல்றாங்க பாருங்க, இடது பக்கம் நெப்போலியன் பெட்டின்னு ஒரு பாறையாம். எங்க பெட்டி? எனக்கு உங்க மூக்குக்கண்ணாடிதான் தெரியுது, அதுவும் ஆவி படிஞ்சு. இந்தாங்க, துடைச்சுக்கங்க. முக்காட்டுத் துணிதான், பரவால்ல, இப்ப அதுக்கு வேற வேலை இல்ல.

ஆமா, கல்யாண உடுப்புதான். மேல போட்டிருக்கிறது தீயணைப்புப் படைக் கோட்டு. ஐயையோ, எங்கயும் தீப்பிடிக்கல! காலையில எனக்குக் கல்யாணம். மத்தியானம் என்னையக் கடத்திட்டாங்க.

பதறாதீங்க. எந்த ஊரு நீங்க? ஹாம்பர்க்கா, அதான். உங்க பக்கம் இதெல்லாம் கிடையாதா? எங்க பவேரியாவுல விருந்து முடிஞ்சதும் மாப்பிள்ளையோட கூட்டாளிங்க பொண்ணைத் தூக்கிட்டுப் போயி, எங்கயாவது ஒரு பீர்க்கடையில உக்கார வச்சுருவாங்க. மாப்பிள்ளை கடை கடையா ஏறி இறங்கித் தேடணும். கண்டுபிடிச்சா, அவங்க குடிச்சதுக்கெல்லாம் தண்டம் அழுதுட்டு, துடைப்பத்தோட ஒரு ஆட்டமும் ஆடிட்டுத்தான் கூட்டிட்டுப் போகலாம். சிரிக்காதீங்க. எங்க அப்பா ஆடுன ஆட்டத்தை ஊர்ல இன்னும் பேசுறாங்க.

என் ஆளு பேரு கோர்பினியன். கால்வாய் மதகுல வேலை, அவன் கை அசைச்சாத்தான் கப்பலே நகரும். நல்லவன்க்கா, அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா எதுவா இருந்தாலும் முன்கூட்டியே முடிவாகியிருக்கணும். என்னையக் கட்டிக்கிறியான்னு கேக்க வந்தான்ல, அதுக்கு முந்தின நாளே போன் பண்ணி, நாளைக்கு ஒரு முக்கியமான விஷயம் கேக்கப் போறேன், நிதானமா யோசிச்சு வைன்னான். என்ன விஷயம்னே சொல்லாம எதைடா யோசிக்கிறது?

இன்னிக்கு அவன் கூட்டாளி க்விரினும் தீயணைப்புக் கும்பலும் இதே படகுலதான் என்னைய ஏத்தி, மடத்து பீர்க்கடைக்குக் கொண்டுபோனாங்க. ஆமா, நீங்க போறீங்களே, அதே வெல்டன்பர்க் மடம்தான். அங்க மடத்துலயே காய்ச்சுற பீர் கறுப்பா, கும்முனு இருக்கும், கண்டிப்பா குடிச்சுப் பாருங்க. நான் ஜன்னலோரமா உக்காந்து வழியையே பாத்துட்டிருக்கேன். கடத்திட்டு வந்த பொண்ணு மாதிரியா இருந்தேன்? ஒரே குஷி. எங்கெல்லாம் அலையுறானோ, எத்தனை கடையில வழி கேக்குறானோன்னு நினைச்சு நினைச்சு சிரிப்பு வேற.

அப்ப ஒரு சூப்பு வந்துச்சு. ஈரல் உருண்டை போட்டது, எனக்குப் பிடிச்சது. ஆனா நான் கேக்கவே இல்ல. யாரு சொன்னதுன்னு கேட்டா, க்விரின் நல்லா ஏத்தியிருந்தானா, உளறிட்டான். எல்லாம் கோர்பினியன் ஏற்பாடாம்! இந்தக் கடை, இந்த ஜன்னல், இந்த சூப்பு. கேக்கு வெட்டுற நேரத்துக்குள்ள வந்து கண்டுபிடிச்சுருவானாம். மழை பெய்யும்னு சொல்லியிருக்காங்க, வீணா எதுக்கு ஊரைச் சுத்தணும்னானாம்.

எனக்கு அழுகையே வந்துருச்சுக்கா. நீங்களே சொல்லுங்க, பொண்டாட்டியத் தேடுன்னு வாழ்க்கையில ஒரே ஒரு நாள்தான் விடுறாங்க, அதுக்கும் முன்பதிவா? காத்தாட நின்னுட்டு வரேன்னு சொல்லி, க்விரின் கோட்டை மாட்டிக்கிட்டு, கிளம்ப நின்ன படகுல ஏறிட்டேன். இப்பத் தேடுடா பாக்கலாம்.

அதுல இருந்து இறங்கவே இல்ல. நீங்க ஏறுன கெல்ஹைமுக்குப் போறேன், மடத்துக்கு வரேன், திரும்பப் போறேன். ‘கல்லாப்போன கன்னிப்பொண்ணு’ன்னு ஒரு பாறை வரும். அது பேரைச் சொல்லும்போதெல்லாம் படகே என்னையத் திரும்பிப் பாக்குது!

தேடலையான்னா கேக்குறீங்க? தேடாம என்ன. போன தடவை மடத்துத் துறையில நின்னான். கோட்டுல தண்ணி சொட்டுது, ஒரு ஷூ சேத்துல போயிருச்சு, வால்புர்கா, வால்புர்கான்னு என் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துறான். அவன் கத்தி நான் கேட்டதே இல்ல. படகுல ஏறி இறங்கப் பலகை போடுற பெரியவரைப் பிடிச்சு, மணப்பொண்ணு யாரும் வந்தாங்களான்னான். அவரு என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, எந்த மணப்பொண்ணுன்னுட்டாரு.

நானா? இதோ, இந்த மேசைக்கு அடியில இருந்தேன்.

தப்புதான். திட்டுங்க. ஆனா அடுத்து என்ன செய்யுறதுன்னே தெரியாம அவன் முழிச்சது இன்னிக்குத்தான்க்கா, அதுவும் எனக்காக. அவ்வளவு அழகா இருந்தான். இன்னொரு தடவை பாக்கணும்னு ஆசைப்பட்டுட்டேன்.

படகு திரும்புதே, துறை வந்துருச்சா? வெறுத்துப்போயி கிளம்பியிருந்தான்னா? நீங்க எட்டிப் பாருங்க, நான் மாட்டேன்.

நிக்கிறானா! அழுறானா? என்ன, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு காட்டைப் பாத்துக் கத்துறானா? கடவுளே, இவனை வச்சுக்கிட்டு... தள்ளுங்க, ஜன்னலைத் திறங்க.

கோர்பினியன்! டேய்! இங்க பாருடா!