ஆளுக்கு ஒரு பிடி உப்பு

எழுபதுகளில் ஒருநாள், மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி போன எங்கள் பஸ் எல்லைச் சாவடியில் நின்றுவிட்டது. முன்னால் வீடு மாதிரி ஐந்து வேன்கள். அவற்றில் வந்த வெள்ளைக்காரர்கள் நடுரோட்டில் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். என் முன்சீட்டில் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் இருவர்.

“எல்லாம் என்னாலதாண்டி,” என்றாள் வயதில் மூத்தவள்.

“நீ இன்னாக்கா பண்ண?”

“நேத்து நம்ம உப்புப் பாத்தி வரப்புல வண்டிய நிறுத்திட்டானுங்க. போகச் சொன்னா சிரிக்கிறானுங்க. அப்புறம் சமைக்க உப்பு கேட்டானுங்க. ஆளுக்கு ஒரு பிடி கையிலயே குடுத்தேன்.”

“அய்யோ! உப்ப கையில குடுத்தா சண்ட வரும்னு தெரியாதா?”

“தெரிஞ்சுதாண்டி குடுத்தேன். காலையில கத்திக்கினே கெளம்பிட்டானுங்க. இங்க வந்து நம்ம பஸ்ஸையே மறிப்பானுங்கன்னு யாரு கண்டா?”

“மேட்னி ஆரம்பிச்சிடும்க்கா.”

கண்டக்டர் விசில் ஊதி அலுத்துப்போனார். சண்டை ஓயவில்லை. இளையவள் பையிலிருந்து ஒரு மாங்காயை எடுத்துக் கடித்துவிட்டு, உப்புக்குக் கை நீட்டினாள்.

மூத்தவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, உப்பைச் சீட்டின்மேல் வைத்தாள்.

“எடுத்துக்க. நாம ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் திரும்பணும்.”